ஏழு சொட்டு

இரும்புக் கைகளின் பிடியைத் தொடுமுன் தன் கைகளை மேலங்கியில் ஒருமுறை துடைத்துக்கொள்கிறாள். துடைத்து என்ன ஆகப்போகிறது? மருந்து இருப்பது ஒரு முழம் தடித்த கண்ணாடிக்கு அந்தப்புறம், ஈயச் சுவருக்குள். அங்கே எதையும் தொடுவது இரும்புக் கைகள்தாம். இருந்தாலும் துடைப்பாள். "மெதுவா ராசா, மெதுவா" என்று அவற்றிடம் பேசவும் பேசுவாள்.

இவள் என் ஓரகத்தியின் தம்பி மகள். நாற்பத்தாறு வயது. புற்றுநோய்க்கான கதிர்மருந்தைப் பிரித்தெடுப்பது வேலை. அணு உலையில் கிடந்து வரும் இட்டெர்பியம் என்கிற உலோகத்தில், படி உப்புக்குள் ஒரு கடுகுபோல லுட்டீசியம் ஒளிந்திருக்கும். அந்தக் கடுகுதான் மருந்து. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பெற்றவளே தடுமாறுவாள். கரைத்து மெல்லிய குழாயில் விட்டால் முதலில் இட்டெர்பியம் சொட்டும், பின்னால் லுட்டீசியம். எந்தச் சொட்டில் குப்பியை மாற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டிலும் அதே கைதான். "எம் மருமக டம்ளரைக் கீழ வெக்கிறதுக்குள்ள டீ ஆறி ஆடை கட்டிடும்" என்பாள் மாமியார்.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கை அவசரப்பட்டது. மருந்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் டிரைவர் வெளியே காத்திருந்தார். அன்றைய மருந்தில் ஒரு பங்கு அவர் மனைவிக்கு. அதையே நினைத்துக்கொண்டு ஏழு சொட்டு முன்னதாகக் குப்பியை மாற்றிவிட்டாள். பார்த்தவர் யாருமில்லை.

வெளியே வந்து அவரிடமே சொன்னாள். "தப்பு என்னோடதுண்ணே. கலந்துபோச்சு. மறுபடி பிரிக்கணும், நாலு மணி நேரம் ஆகும்."

"கொஞ்சூண்டு கலந்தா என்னம்மா? அஞ்சு மணிக்கு ஊசி ரூமைப் பூட்டிடுவாங்க. இன்னைக்கு விட்டா மூணு வாரம். அவ தாங்க மாட்டாம்மா."

"மருந்தைப் புத்துக் கட்டிக்குக் கொண்டுபோற பொருள் ஒரு வண்டி மாதிரிண்ணே. அந்த வெத்து உலோகம் ஏறி சீட்டைப் புடிச்சுக்கும். மருந்துக்கு எடம் இருக்காது. ஊசி போட்டோம்னு பேருக்குத்தான் இருக்கும்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்ததாம் இவளுக்கு.

அப்போது மணி பன்னிரண்டு. உள்ளே போய்ப் புதுக் குழாயில் முதல் சொட்டிலிருந்து ஆரம்பித்தாள். சாப்பிடவும் எழவில்லை.

நாலேகாலுக்கு மருந்துப் பெட்டி வண்டியில் ஏறியது. ஆஸ்பத்திரிக்கு அரைமணி நேர வழி. டிரைவர் அவசரமாக இழுத்ததில் சீட் பெல்ட் பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது. இவள் கதவைத் திறந்து, குனிந்து, அதை வாங்கிப் பூட்டினாள். பூட்டியபின் ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.