தலைக்கு மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி

கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையத்தில் சித்திரை வெயிலுக்கு ஒதுங்க இடமில்லாமல் ஒரு ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பின்னால் போய் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. கூட்டம் முடிந்து பல நாளாகியும் தலைவர் கும்பிட்டபடியே இருந்தார். அவரால் ஊருக்குக் கிடைத்த நன்மை அந்த நிழல் ஒன்றுதான். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன?

அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். அவளுடைய அறைக்குச் சிமென்ட் ஷீட் கூரை. மதியத்தில் தோசைக்கல்லுக்கு அடியில் படுத்தது போலிருக்கும். "என்னால முடியாதும்மா. அத்தை ஊட்டுக்கே போயிடறேன். தளம் போட்ட ஊடு" என்று அவள் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் பாதியில் திரும்பினால் தெருவில் எப்படித் தலைகாட்டுவது?

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. 'மறுசுழற்சி' என்ற சொல்லைக் கேட்டாலே கை பரபரக்கும். பேனர் கட்டுகிறவரிடம் பழையதைக் கேட்டேன்.

"எடுத்துக்கினு போம்மா. மாட்டுக் கொட்டாய்க்குத்தான?"

"இல்லண்ணே, பசுமை வீட்டுக்கு."

"அதான் சொன்னேன்."

வெயில் சாய்ந்த பிறகு, வெள்ளைப் பக்கம் கீழே தெரியும்படி ஷீட்டுக்குக் கீழே கம்பியில் இழுத்துக் கட்டினோம். "நடுவுல காத்து நிக்கும்பா, சூடு எறங்காது" என்று அப்பாவுக்கு விளக்கினேன். "காத்து நிக்கிறது இருக்கட்டும், நீ ஸ்டூல் மேல ஒழுங்கா நில்லு" என்றார்.

அறை நிஜமாகவே தணிந்தது. அக்கா அசந்து தூங்கினாள்.

மறுநாள் காலை காபியோடு போன அம்மா என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. கூரை நடுவில் வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த கண்ணாடி ஷீட்டை நான் மறந்தேபோயிருந்தேன். வெயில் அதன் வழியே இறங்கி, பேனரின் மறுபக்கத்தை எங்களுக்குக் காட்டியது. மாலை போட்ட ஒரு பெரியவர். இருபுறமும் நீர் சொட்டும் கண்கள். எழுத்து இடவலம் மாறியிருந்தாலும் 'கண்ணீர் அஞ்சலி'யைப் படிக்க யாருக்கும் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

"இன்னாடி இது? புள்ளத்தாச்சி தலைக்கு மேல சாவு பேனரு? காலேஜ்ல இதான் சொல்லிக் குடுக்கறாங்களா?"

"வெள்ளப் பக்கம்தானம்மா கீழ இருக்குது."

"அவரு மேல இருந்து பாத்துக்கினு இருக்காரே."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "யாரு வேணா பாத்துட்டுப் போட்டும். ரூம் ஜில்லுனு இருக்குது. கழட்டுனா நான் கெளம்பிடுவேன்."

வெள்ளிக்கிழமை அவளுடைய மாமியார் பார்க்க வருகிறார். கழற்றினால் அக்கா போய்விடுவாள். கழற்றாவிட்டால் மாமியாரே அழைத்துப் போய்விடுவார். பேஜாரில் அம்மா முதன்முறையாக என்னிடம் தொழில்நுட்ப ஆலோசனை கேட்டாள்.

"வேற எதுனா குப்ப இருக்குதாடி, மூஞ்சி இல்லாததா?"

இருந்தது. அப்பாவின் கம்பெனிக்கு இயந்திரங்கள் வந்த மரப்பெட்டிகளை உடைத்து, பலகைகளை கேட்டுக்கு வெளியே போட்டிருந்தார்கள். மரத்தில் சூடு சீக்கிரம் இறங்காது. நனையக் கூடாது என்பதற்கு ஒரு குடையும், உடையக் கூடாது என்பதற்கு ஒரு கிளாஸும் மட்டும் அச்சடித்திருக்கும் என்றேன்.

"கொட பரவால்ல. கிளாஸப் பாத்து சம்பந்தியம்மா வேற எதுனா நெனைக்கப் போறாங்க. அத மேல திருப்பி அடி."

அப்பா கேட்டில் சொல்லிவைத்திருக்கிறார். நாளைக் காலை மீன்பாடி வண்டியோடு போய்ப் பலகைகளை ஏற்றிவர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கூரை முழுக்க அடித்தாக வேண்டும்.