மேலே சைபர்

இருளாயி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கப்பிள்ளை யோகராஜ் உயர்தரம் படித்தவர், அதுவும் கணிதம் என்று அவரே சொல்லிக்கொள்வார். 1998இல், ஓப்பநாயக்க பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், இந்த இரண்டு படிப்பும் ஒரு ஏக்கர் புல்லில் மோதிக்கொண்டன.

புல்வெட்டு கொந்தரப்பு வேலை, அதாவது அளவுக்குப் பேசிய ஒப்பந்தம். ஐந்து பெண்களுக்கு ஒரு ஏக்கர். முடித்தால்தான் வீடு. முதல் நாள் கால் ஏக்கரோடு மழை வந்துவிட்டது. மறுநாள் பத்தரைக்குள் அரை ஏக்கரை வெட்டித் தள்ளிவிட்டார்கள். அவசரம் இருளாயிக்கு. அடையாள அட்டை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட கிராம சேவகர் மாதத்தில் ஒரு நாள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருவார்; அன்றுதான் அந்த நாள். இரண்டு மணிக்குக் குடையை விரித்தாரென்றால் அடுத்த மாதந்தான். நாற்பத்தொரு வயதில் அட்டையில்லாமல் இரத்தினபுரி பஸ்ஸில் ஏறி, சோதனைச் சாவடியில் அரை நாள் குந்தியிருந்தவள் அவள்.

"இன்னும் எவ்வளவுங்க ஐயா?"

யோகராஜ் புத்தகத்தைத் திறந்தார். முக்காலில் அரை போக வேண்டும். மேலே மூன்றில் ஒன்று போக இரண்டு. கீழே நாலில் இரண்டு போக இரண்டு. இரண்டின் கீழ் இரண்டு. படித்தவர் அதை அப்படியே விடுவாரா? சுருக்கினார். ஒன்றின் கீழ் ஒன்று.

"இன்னும் முழு ஏக்கர் இருக்கு."

"வெட்ட வெட்ட கூடுதுங்களா?" என்றாள் கூட வெட்டிய அந்தோனியம்மா. "எங்க வீட்டு அரிசியையும் கொஞ்சம் கழிச்சுக் குடுங்க ஐயா."

"வாய் காட்டாத. பேனையில எழுதியாச்சு."

"வெட்டின பக்கம் புல்லே இல்லீங்களே," என்றாள் இருளாயி.

"இல்லாட்டி திரும்பச் சொரண்டு."

பேனையில் எழுதியதை அடித்தால் ஆபீஸ் பெரிய கிளாக்கர் காரணம் கேட்பார். அதைவிட, மலையில் புல் முளைத்துக்கொள்வது கௌரவம்.

மிச்சக் கால் ஏக்கரும் ஒரு மணிக்கு முடிந்தது. மலையில் வெட்ட ஒரு புல் இல்லை. புத்தகத்தில் ஒரு ஏக்கர் செழித்து நின்றது. இருளாயி சுரண்டியைப் போட்டுவிட்டு யோகராஜிடம் போனாள்.

"ஐயா, இப்ப கால் ஏக்கர் வெட்டியிருக்கோம். அதையும் உங்க மாதிரியே கழிச்சிருங்க."

எழுதினார். மேலே ஒன்றில் ஒன்று போக சைபர். கீழே ஒன்றில் நாலு... பேனை நின்றது.

"கீழ போகமாட்டேங்குதே."

"மேல சைபருங்களே. கீழ என்ன இருந்தா என்ன? படிச்சவங்க உங்களுக்கு நான் சொல்லணுமா?"

யோகராஜ் மேலே காலையில் போட்ட கணக்கைப் பார்த்தார். இது தப்பென்றால் காலையில் போட்டதும் தப்பு. 'முடிந்தது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

இருளாயி போய்ச் சேர்ந்தபோது கிராம சேவகரின் ஒரு கை குடையில் இருந்தது. மறு கையால் கையெழுத்துப் போட்டார். பதினான்கு மாதத்தில் அட்டையும் வந்தது.

யோகராஜ் அன்று இரண்டின் கீழ் இரண்டைச் சுருக்காமல் விட்டிருந்தால் மேலே இரண்டில் ஒன்று போக ஒன்று மிஞ்சியிருக்கும், சேவகரும் போயிருப்பார். உயர்தரப் படிப்பின் மேல் இருளாயிக்கு அன்றிலிருந்து தனி மரியாதை.