பெண்கள் பக்கத்துக் கதவு

சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி இருந்த அந்தத் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. தியேட்டரை மூடியபோது மீசை நரைத்திருந்தது. நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டால், ஆட்களை உள்ளே விட்டேன், கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான். அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

தகரக் கூரை. உள்ளே ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், இடையில் இடுப்பளவு சுவர். கிருத்திகையன்று வல்லக்கோட்டைக்குப் போய் மொட்டை போட்டவர்கள் தலையில் சந்தனம் காய்வதற்குள் மாட்னிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சாமியும் ஆச்சு, படமும் ஆச்சு.

பெண்கள் பக்கத்தில் சந்துப் பக்கம் பார்த்து ஒரு கதவு உண்டு. மண்ணூர்ப் பையன்கள் அந்த வழியாகத்தான் ஓசியில் நுழைவார்கள். பிடித்துக் காதைத் திருகினால் சிரிப்பார்கள், அடுத்த ஆட்டத்துக்கும் வருவார்கள். கடைசியில் முதலாளி முழ நீளத்தில் ஓர் இரும்புத் தாழ்ப்பாளைக் கதவின் வெளிப்பக்கம் அடித்தார். உள்ளே விளக்கு அணைந்ததும் நான் தாழ் போட வேண்டும், இடைவேளை மணி அடித்ததும் திறக்க வேண்டும். உள்ளே அத்தனை பெண்களும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்களே, ஏதாவது ஆனால் எப்படி வெளியே வருவார்கள் என்று முதலாளி யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அவர் மேல் மட்டும் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

பிறகு கம்பெனிகள் வந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள், படம் அவரவர் போனுக்குள் போய்விட்டது. தியேட்டர் கொஞ்ச காலம் அட்டைப்பெட்டிக் கிடங்காகக் கிடந்தது. அதன் பிறகு ஒருவர் வாங்கிக் கம்பெனிப் பெண்களுக்கு ஹாஸ்டல் ஆக்கினார். நடுச்சுவரை இடித்தார், இரண்டடுக்குக் கட்டில்கள் போட்டார். ஆனால் தரை இன்னும் திரையைப் பார்த்துச் சரிந்துதான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கட்டிலின் முன்னங்கால்களுக்கும் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திரை இருந்த இடத்தில் கொடி கட்டிச் சுடிதார் காய்கிறது. பழைய இடைவேளை மணியை மெஸ்ஸில் மாட்டிச் சாப்பாட்டுக்கு அடிக்கிறார்கள். "இந்த எடம் உனக்குத்தான் தெரியும்" என்று என்னைக் கூப்பிட்டு செக்யூரிட்டி ஆக்கினார்கள். காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

பெண்கள் பெரும்பாலும் தெற்கத்திக்காரர்கள். நைட் ஷிப்ட் முடித்தவர்களைக் காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிடும். இட்லியைத் தின்றுவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிடுவார்கள். ஜன்னல் இல்லாத கட்டடம், அணைத்தால் கும்மிருட்டு.

அன்று அவர்கள் படுத்த பிறகு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனேன். பாதி டம்ளரில் தகரக் கதவை யாரோ படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. பிலிம் அறுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் இன்னொரு மிடறு டீயும் குடித்தேன். அதற்குள் தகரக் கூரையின் இடுக்கில் புகை வந்தது.

ஓடினேன். முன்வாசல் பக்கத்துக் கட்டிலில் போன் சார்ஜர் வெடித்து மெத்தை பற்றியிருந்தது. அந்த வழியாக யாரும் வர முடியாமல் எல்லாரும் சந்துப் பக்கக் கதவில் மோதிக்கொண்டிருந்தார்கள். கதவில் வெளியே அந்தப் பழைய தாழ்ப்பாள் போட்டிருந்தது. இழுத்துத் திறந்ததும் ஒருவர் மேல் ஒருவராக வந்து விழுந்தார்கள். இருமினார்கள், வாந்தி எடுத்தார்கள். வார்டனும் மெஸ்காரர்களும் தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்தார்கள். தலைகளை எண்ணினோம். எல்லாரும் இருந்தார்கள்.

ஓனர் வந்தார். வார்டனம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு தாப்பா போட்டது? நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"நான் அந்தப் பக்கமே போல சார். கிச்சன்ல இருந்தேன்" என்று அந்த அம்மா அழுதாள்.

எவன் செய்த வேலை இது என்று எனக்கும் ஆத்திரமாக வந்தது. சந்தில் நின்று வாய்க்கு வந்ததைச் சொல்லி நாலு திட்டும் திட்டினேன். அப்போது, விரல் நசுங்கி ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்த தூத்துக்குடிப் பெண் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நீங்கதான அண்ணாச்சி" என்றாள். "நாங்க லைட்ட அமத்துன பொறவு தெனமும் நீங்கதான சாத்துவிய. சாப்பாட்டு மணி அடிச்சா தொறப்பிய. பாதுகாப்புக்குன்னுல்லா நெனச்சோம். எங்க அம்மாகிட்டகூடப் போன்ல சொல்லிருக்கேன், நல்ல மனுஷன்னு."

அவள் குற்றம் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். ஒரு நாளும் தாழ் போட்டதாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் அவள் சொன்னபோது உள்ளங்கையில் அந்த இரும்பின் குளிர்ச்சி தெரிந்தது. இந்த ஹாஸ்டலில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

"நான்தான் சார்" என்றேன் ஓனரிடம். "வார்டனம்மா மேல தப்பு இல்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வயசாயிப்போச்சுணா உனக்கு" என்று மட்டும் சொன்னார்.

நானே வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்து சாயந்தரத்துக்குள் தாழ்ப்பாளை அறுக்க வைத்தேன். அந்த இரும்பைச் சாக்கடையில் போட்டேன்.

மறுநாள் காலை பஸ் வந்தது. பெண்கள் சாப்பிட்டார்கள், தரையெல்லாம் கழுவிய ஈரத்தில் கட்டில்களைத் தள்ளிப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். விளக்கு அணைந்தது. தூத்துக்குடிப் பெண் உள்ளே இருந்து, "அண்ணாச்சி, அங்ஙன என்ன செய்யுதிய?" என்று கேட்ட பிறகுதான் பார்த்தேன். நான் பக்கக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தை என் கை தடவிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா, தூங்கு" என்றேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் வெளிக் கேட்டின் பக்கம் போட்டேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.