ஆறாமல் கட்டிய மூட்டை

உப்பளம் கல்லறையில் அண்ணன் அந்தோணிசாமியை அடக்கம் செய்தபோது நின்றவர்கள்: அண்ணி ரெஜினா, அவர் மகள், நான், என் வீட்டுக்காரர், பங்குச் சாமியார், அண்ணன் மில்லில் சர்க்கரை சலிக்கும் செல்வி, பெரிய மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் இருவர். குழி வெட்டியவரையும் சேர்த்தால் ஒன்பது பேர். பேக்கரிக்காரர்களே, உங்களில் ஒருவரும் இல்லை. செய்தி தெரியாது என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் அண்ணி போன் செய்து, "பிலோ, உங்கண்ணன் போயிட்டாரு" என்றதும், உங்கள் ஒவ்வொருவருக்கும் நான்தான் பேசினேன். "அப்படியா" என்றீர்கள்.

அண்ணனை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கேக்கின் மேல் பூசும் சர்க்கரையை இத்தனை வருஷம் மாவாக அரைத்துக் கொடுத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுப் பூசைக்கு வந்தாலும் புருவத்தில் வெள்ளை போகாது. "அண்ணன் பக்கத்துல குந்தாதீங்க, எறும்பு சேந்து செபம் பண்ணும்" என்று செல்வி கேலி செய்வாள். அவரும் சிரிப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரித்ததில்லை. அரைத்த சர்க்கரை மெஷினிலிருந்து சூடாக விழும். அதைத் தட்டுகளில் பரப்பி, ஆறிய பிறகே மூட்டை கட்ட வேண்டும். "சூட்டோட கட்டுனா உள்ள வேர்த்து, கல்லாப் போவும்" என்பார். மழைக் காலத்தில் இன்னும் நேரம் எடுக்கும். கிறிஸ்துமஸ் வேலை நெருக்குவதும் அந்த மழையில்தான். வாசலில் காத்திருந்த நீங்கள், பிரெஞ்சு துரையைச் சொல்வதுபோல், "முசே இன்னும் விசிறிக்கிட்டு இருக்காரு" என்று அவர் காதுபடவே சொன்னீர்கள். அவர் அசையவில்லை.

ஒரே ஒரு நாள் அசைந்தார். அன்று நல்ல மழை. மில்லில் இருந்தது அண்ணன், செல்வி, கணக்கு எழுத உட்கார்ந்திருந்த நான், உங்களில் ஒருவர். பெயர் எழுதவில்லை, அவருக்கே தெரியும். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"அண்ணே, கேக்கு மொட்டையா நிக்குது. வெளிய ஆட்டோ நிக்குது. கட்டிக் குடுண்ணே."

"ஆறலப்பா."

"என்ன ஆனாலும் எம்மேல போட்டுக்கறேன்ணே. எம்பொண்ணு உனக்கும் பொண்ணுதானே?"

அந்தக் கடைசி வார்த்தையில் அண்ணன் விழுந்துவிட்டார். செல்வியைத் தொடவிடாமல் தானே மூட்டையைக் கட்டினார். வந்தவர் கும்பிட்டு, "மெர்சிண்ணே" என்று நன்றி சொன்னார். "மெர்சியெல்லாம் கெடக்கட்டும். போனதும் பிரிச்சுக் கொட்டி ஆற வுடு" என்றார் அண்ணன்.

வாங்கிப் போனவர் பிரிக்கவில்லை. மறுநாள் லாஸ்பேட்டை மண்டபத்தில் கேக்கின் மேல் சர்க்கரை கட்டி கட்டியாக நின்றது. சம்பந்தி வீட்டார் வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்கள். அப்போது அந்த மனிதர் சபை நடுவே சொன்னார், "அந்தோணி அரிசி மாவு கலந்துட்டான்." கட்டி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் சோள மாவு சேர்ப்பது எல்லா மில்லிலும் வழக்கம்; அதற்கு மேல் அண்ணன் எதையும் கலந்ததில்லை. நீங்களும் அறிவீர்கள். அறிந்தும் தலையாட்டினீர்கள். காத்திருக்கச் சொல்லாத மில் ஒன்று உங்களுக்கு அதற்கு முன்பே கிடைத்திருந்தது. போக ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது. நான் கடை கடையாக ஏறி நடந்ததைச் சொன்னேன். தங்கச்சி அப்படித்தான் பேசும் என்றீர்கள். செல்வி சொன்னதற்கு, சம்பளம் வாங்குகிறவள் என்றீர்கள்.

அண்ணன் யாரிடமும் நியாயம் கேட்டுப் போகவில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்: "பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி முன்னால நிக்கிறான். அவன் வேற யாரத்தான் சொல்லுவான்? வுடு பிலோ." மெஷின் வாரத்தில் ஒரு நாள் ஓடியது. பிறகு அதுவும் இல்லை. ஓடாத மெஷினையும் தினமும் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அவருக்கு இருந்த மனசு எனக்கு இல்லை. தினமும் செபமாலை சொல்கிறேன். மன்னிப்பைப் பற்றிய வரியில் நாக்கு நின்றுவிடுகிறது. அவருடைய சல்லடையைக் கேட்டு வாங்கி வந்து அடுக்களையில் மாட்டியிருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும், அந்த "ஆறலப்பா"வும்தான். இதையும் ஆறிய பிறகு எழுதலாம் என்றுதான் பேனாவை மூடி மூடி வைத்தேன். ஆறவில்லை.

வரும் சனிக்கிழமை முப்பதாம் நாள் பூசை. மெஷினைப் பழைய இரும்புக்குப் போடுவதா, தானே ஓட்டுவதா என்று அண்ணி இன்னும் முடிவு செய்யவில்லை. கலப்படக்காரன் மில் என்ற பேரோடு ஓட்ட அவருக்கு மனமில்லை. அன்று மூட்டை வாங்கிப் போனவரை ஒன்று கேட்கிறேன். பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது, ஆறாமல் கட்டச் சொன்னது நான்தான் என்று சொல்வீர்களா? வருவீர்களா, மாட்டீர்களா என்பதைச் சனிக்கிழமைக்கு முன் அண்ணிக்குச் சொல்லியனுப்புங்கள்.