கவிழ்த்தாலும் சிந்தாத மருந்து

அக்கா அந்தச் சின்னக் கண்ணாடிப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சிந்தப்போகிறது என்று அப்பா சாப்பிடுவதை விட்டுவிட்டு இடது உள்ளங்கையை அடியில் நீட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை. சற்று முன்பு வரை அது வெறும் தண்ணீராக எங்கள் கண்முன்னே ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அதில் உப்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டுச் சும்மா வைத்திருந்தாள், அவ்வளவுதான். நீட்டிய கையை அப்பா வெகுநேரம் எடுக்கவே இல்லை.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கள் கோழிப்பண்ணை. அக்கா சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பெப்டைடு என்கிற புரதத் துணுக்குகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவற்றை யாரும் கோக்க வேண்டியதில்லை. உப்புப் பட்டால் தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத நூலாகும்; நூல் வலையாகும்; வலை தண்ணீரைப் பிடித்து நிறுத்திவிடும். புண்ணில் வைத்தால் புதுச் சதை அந்த வலையைப் பற்றிக்கொண்டு வளருமாம். “பாவக்கொடிக்குப் பந்தல் போடற மாதிரிதானுங்கப்பா” என்றாள். எலிகளுக்குப் புண் ஆறிய கதையையும் சேர்த்துச் சொன்னாள். அப்பாவுக்கு அப்போது இடது கால் பெருவிரலுக்கு அடியில் சர்க்கரைப் புண். விரலை எடுத்தால் காலாவது மிஞ்சும் என்று நாமக்கல் டாக்டர் சொல்லியிருந்தார். மகளே மருந்து செய்கிறபோது எவனோ கேட்டான் என்று விரலைக் கொடுப்பாரா மனுஷன்? அதற்குப் பிறகு டாக்டர் இருக்கும் தெருப்பக்கமே அவர் போகவில்லை.

அந்த மருந்தைக் கேட்டு அப்பா எவ்வளவு நச்சரித்தும் அக்கா மசியவில்லை. மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க இன்னும் அனுமதி இல்லை, சீழ் வைத்த புண்ணில் வைக்கவே கூடாது என்று அவள் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

“எலிக்கு ஆவறது உங்கொப்பனுக்கு ஆவாதா சாமி?” என்று மட்டும் அவர் கேட்டார். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

பிறகு ஆய்வகத்துக் குளிர்பெட்டி பழுதாகிப்போனது. எங்கள் பண்ணை ஃபிரிட்ஜுக்கு ஜெனரேட்டர் உண்டு. கரண்ட் போனால் கோழிப்பண்ணைக்காரன் வேர்த்துக் கிடப்பான், அவனுடைய தடுப்பு மருந்து மட்டும் சில்லென்று இருக்கும். சரிசெய்கிற வரைக்கும் என்று அக்கா தன் மருந்துத்தூள் புட்டிகளை அதன் அடித்தட்டில் பின்னால் தள்ளி வைத்தாள், அப்பாவிடம் சொல்லவில்லை. அந்த ஃபிரிட்ஜில் ஒரு புட்டி கூடினாலும் அவருக்குத் தெரிந்துவிடும் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று.

குஞ்சுகளுக்கான வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பு மருந்தும் அப்படித்தான் இருக்கும்: ரப்பர் மூடி, அடியில் கட்டியாக வெள்ளைத் தூள். அதைக் கலக்க அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. குளித்துவிட்டு வருவார். குளோரின் படாத போர்த் தண்ணீர், ஐஸ், மருந்தின் வீரியம் சாகாமலிருக்கப் பால் பவுடர். கொஞ்சம் ஊறவிட்டு, புட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தே மூடியைத் திறப்பார். அக்காவின் புட்டி ஒன்றை எடுத்துத் தன் காலுக்கும் அதே முறையில், ஒரு குறையும் வைக்காமல், சின்னக் கிண்ணத்தில் கலக்கிக்கொண்டார். எங்கள் போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மருந்து அழகாக உறைந்தது.

புண்ணின் குழி நிரம்பி, மேலே வழுவழுவென்று மூடிக்கொண்டது. கசிவு நின்றது, நாற்றமும் நின்றது. அப்பா காலை நீட்டிக் காட்டியபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பங்குனி வெயிலில் தொப்பிகூட இல்லாமல் நிற்கிறவர், ஒரு நாள் மத்தியானம் கம்பளி கேட்டார். காற்று இப்படி அடிக்கிறதே, உனக்குக் குளிரவில்லையா என்றார். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். புண்ணை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. வேட்டியை முழங்கால் வரை விலக்கி, கணுக்காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். காரை எடு என்றாள். அப்பாவைப் பின்சீட்டில் படுக்கவைத்துச் சேலத்துக்கு ஓட்டினேன். வழியில் அவள் பேசியது ஒரே ஒரு தடவை.

“பந்தலுக்கு எந்தக் கொடின்னு தெரியாதுடா. எது ஏறுனாலும் தாங்கும்.”

சதைக்கு முன்னால் கிருமி ஏறிவிட்டது. பாம்புக்குப் பால் வார்த்த கதை என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வோமே, இங்கே நிஜமாகவே பால் வார்த்து, மேலே மூடியும் போட்டாயிற்று.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அப்பா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மருந்து நல்ல மருந்துதான் அம்மிணி. தண்ணிதான் சரியில்ல.”

மகளைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீடு திரும்பிய பிறகும், பார்க்க வந்த உறவுக்காரர்கள், தீவன லாரி டிரைவர், முட்டை ஏற்ற வருகிறவர்கள் என்று ஒருத்தர் விடாமல் அதையே சொன்னார். மகள் மேல் ஒரு சொல் விழக்கூடாது அவருக்கு. அந்தப் பாசத்தை நினைத்தால் அழுகை வருகிறது. அதையே நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அக்கா இன்னும் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறாள். மனிதர்களுக்கு அந்த மருந்தைப் போட இன்னும் அனுமதி வரவில்லை. அவள் எதையும் ஊருக்குக் கொண்டுவருவதும் இல்லை.

போன வாரம் அப்பாவின் கூட்டாளி ஒருவர், பக்கத்துப் பண்ணைக்காரர், மொபட்டில் வந்து இறங்கினார். பாதத்தில் துணி சுற்றி, அதற்கு மேல் பாலித்தீன் பையும் கட்டியிருந்தார். அக்கா எப்போது வருவாள் என்று கேட்டார். இங்கே அந்த மருந்தே இல்லை, இன்றைக்கே டாக்டரிடம் போங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். எல்லாம் தெரிந்தவர் போலச் சிரித்துக்கொண்டே, மொபட்டின் முன்னால் இருந்த சீல் பிரிக்காத தண்ணீர்க் கேனைத் தூக்கி வாசலில் வைத்தார்.

“உங்கொப்பன் எல்லாஞ் சொல்லீட்டுத்தான் போயிருக்கறாரு சாமி. நானு நல்ல தண்ணியாவே கொண்டாந்துட்டேன்.”