நோட்டீஸ் போர்டில் இல்லாத செல்வராணி

ஈரக் களிமண் காயும்போது ஒரு வாசனை வருமே... ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஹாஸ்டல் அறையில் அதுதான் வீசும்.

செல்வராணியின் புடவைக் கரையிலிருந்து வருவது. சட்டக் கல்லூரியில் என் அறைத்தோழி. நன்னிலம் பக்கத்தில் நடவுக்குப் போகும் குடும்பம்.

குத்தகைக்கு உழுபவர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்த காலம். மேடைக்கு மேடை அதே பேச்சு. ஆனால் கிராமக் கணக்கில் மட்டும் 'சொந்தச் சாகுபடி' என்று மிராசுதார் பெயரே இருக்கும். உழுதவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

செல்வராணி சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போய் வரப்பு வரப்பாக நடந்தாள். யார் எந்த வயலை எத்தனை காலமாக உழுகிறார்கள் என்று கேட்டு எழுதி, பக்கத்து வயல்காரர்களிடம் கைரேகை வாங்கினாள். இரண்டு வருடம்! அதை வைத்து ஒரு கட்டுரை எழுதி, எங்கள் பேராசிரியரிடம் திருத்தக் கொடுத்தாள்.

ஒரு காலையில் நோட்டீஸ் போர்டு முன்னால் கூட்டம். டில்லி கருத்தரங்கில் பேராசிரியர் வாசித்த கட்டுரை சட்ட இதழில் வந்துவிட்டதாம். கல்லூரிக்கே பெருமையாம். இதழைப் புரட்டினால்... வரிக்கு வரி அவளுடையது. பெயர் மட்டும் அவருடையது.

நேரே அவர் அறைக்குப் போனோம்.

"சார், எம் பேரு ஒரு எடத்துலகூட இல்லீங்களே?"

அவர் நிமிரவே இல்லை. "ஸ்டூடண்ட் பேரப் போட்டா எவன் படிப்பான்? போம்மா, போய்ப் பரீட்சைக்குப் படி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதமே அவள் ஊர் அஞ்சலையக்காவுக்கு ஆபத்து. குத்தகைக்கு உழுத புருஷன் செத்ததும் மிராசுதார் வயலை விட்டு வெளியேறச் சொன்னார். தாசில்தார் முன் விசாரணை. அந்த வயலை உழுதது யார் என்பதும் இருந்ததால், செல்வராணி அந்தக் கட்டுரையை நீட்டினாள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். "எழுதுனவரு இந்த ஊரப் பாத்திருக்காரா? அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க."

பேராசிரியரைக் கெஞ்சினோம். "இந்தத் தகராறுல எல்லாம் என்ன இழுக்காதீங்க" என்றார். டில்லிவரை போன கால், தாலுகா ஆபீசுக்கு வரவில்லை!

மறு விசாரணைக்குச் செல்வராணி தன் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஐயா, அத எழுதுனது நாந்தாங்க. ரேகை வச்சவங்க வெளியில நிக்கிறாங்க. ஒவ்வொருத்தரா கூப்புட்டுக் கேளுங்க."

தாசில்தார் கூப்பிட்டார். மிராசுதாரின் ஆட்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அப்படியும் ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. பதிவேட்டில் அஞ்சலையக்கா பெயர் ஏறியது.

"எம் பேரு எங்க இருக்கு, காட்டு" என்று கேட்டு, அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள் அக்கா.

இதைப் பற்றி நோட்டீஸ் போர்டில் ஒரு வரி இல்லை.

இப்போது அதே கல்லூரி, மாணவர்களின் சாதனைகளைப் போட்டோவோடு ஃபேஸ்புக்கில் போடுகிறது. பெண் பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஆனால் போன வாரம் 'நம் பெருமைகள்' என்று ஒரு பட்டியல். முதலில் பேராசிரியரின் அந்தக் கட்டுரை!

மயிலாடுதுறையில் வக்கீலாக இருக்கும் செல்வராணிக்கு போன் போட்டேன். "விடுடி. அக்கா பேரன் அந்த வயல்லதான் நாத்து விட்டிருக்கான்" என்று சிரித்தாள்.

என்னால் விட முடியவில்லை. கமெண்டில் உண்மையை எழுதினேன். அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தார்கள்.

அன்று அந்த அறையில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். அதனால் இங்கே எழுதுகிறேன்... அந்தக் கட்டுரையை எழுதியவள் செல்வராணி.