யாரும் சந்தேகிக்காத சமையல்

“...அதனாலதான் சொல்றேன் மன்னி, இன்னிலேர்ந்து கேரியர் உங்காத்து வாசல்லேர்ந்தே போகட்டும். உங்களை ஒருத்தரும் சந்தேகப்படமாட்டா” என்றாள் என் ஓர்ப்படி, சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு.

ஓர்ப்படி என்றால் என் கணவருடைய தம்பி மனைவி. வலியசாலையில் எங்கள் வரிசையிலேயே சற்றுத் தள்ளி அவள் வீடு. நாலு தலை சேர்ந்தாலும் சேரும், நாலு மார்பு சேராது, அதாவது இரண்டு பெண்கள் ஒத்துப்போகமாட்டார்கள் என்பார்கள். நாங்கள் சேர்ந்துதான் இருந்தோம், அந்த நீதிபதி எங்கள் இருவர் சமையலையும் ருசி பார்க்கிற வரைக்கும்.

அவர் வடக்கே ஏதோ ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். குடும்பத்தைக் கூட்டி வரவில்லை. வயிற்றுப் புண்காரர், கேன்டீன் சாப்பாடு ஆகாது. நான் வீட்டில் சமைத்து நாலைந்து பேருக்கு மதியச் சாப்பாடு கொடுத்துவந்தேன். யாரோ சொல்லி, அவருடைய பியூன் ஸ்கூட்டரில் வந்து கேட்டார். இரண்டு வருஷம் என் கேரியர்தான் கோர்ட்டுக்குப் போயிற்று. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் திரும்பி வருகிற பாத்திரம் பேசும். பூசணிக்காய் மிஞ்சாது, சேனை மிஞ்சும். கோர்ட்டில் கூச்சல் நடந்த அன்று சோறு அப்படியே வரும்.

நடுவில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். போகிறபோது நானேதான் ஓர்ப்படியிடம், “ரெண்டு நாள் பாத்துக்கோடி” என்று சொல்லிவிட்டுப் போனேன். வினையை விலை கொடுத்து வாங்குவது என்பது இதுதான். திரும்பி வந்தால் பியூன் வாசலில் தலையைச் சொறிகிறார். “மாமி, சாருக்கு அவிடத்தெ புளிசேரி பிடிச்சு போயி. இனி அவிடந்நு மதீன்னு பறஞ்ஞு.”

அந்த வீட்டு மோர்க்குழம்பு பிடித்துப்போய்விட்டதாம். இனி அங்கிருந்தே போதுமாம். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது அவள் வைத்த மோர்க்குழம்பு தினமும் திரிந்துபோகும். எப்போது தீயைக் குறைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகு ஸ்கூட்டர் சத்தம் என் வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு மத்தியானமும் என் வீட்டுக் கரண்டி வாணலியில் இடிபட்டது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கேஸ் வந்தது. ஆளுங்கட்சியின் பெரிய தலைவர் ஒருவர் மேல் விசாரணை. விசாரித்த போலீஸ், ஒன்றும் இல்லை, முடித்துவிடலாம் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. அதை ஏற்றுக்கொள்வதா, மறுபடி விசாரிக்கச் சொல்வதா என்பது எங்கள் சார் கையில். அவர் தேதியைத் தள்ளிவைத்தால் ஆளுங்கட்சி வளைத்துவிட்டது என்றார்கள். போலீஸைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டால் டெல்லியிலிருந்து மிரட்டல் என்றார்கள். எதிர்வீட்டு மாமா, “வேலிக்கு ஓணான் சாட்சியாக்கும்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடிப்பார். கறிகாய் கொண்டுவருகிற சேச்சிக்குச் சந்தேகமே கிடையாது. “ஒக்கெ ஒத்துகளியாணு மாமி.” எல்லாம் உள்ளுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஆடுவதுதானாம்.

ஓர்ப்படியின் பிள்ளை ஆளுங்கட்சி வாலிபர் சங்கத்தில் இருக்கிறான். போஸ்டர் ஒட்டுவான், ஊர்வலத்தில் மைக் பிடிப்பான். இதையும் அதையும் யாரோ முடிச்சுப் போட்டார்கள். அவர் சாப்பிடுவது எந்த வீட்டுச் சோறு தெரியுமா என்று பேச்சு கிளம்பிற்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் படித்ததெல்லாம் அந்தக் கேஸில் சாட்சிக்கூண்டு ஏறிவிட்டது.

அவள் கூனிக் குறுகிப்போவாள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அவள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடின. மதில் தகராறுக்காரர் வந்தார், தம்பி ஜாமீனுக்கு அலைகிற அம்மாள் வந்தாள். “மாமி ஒரு வார்த்தை சொன்னா...” என்று இழுத்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர்கூட வந்து, சார் இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று விசாரித்துவிட்டுப் போனார். அவள் எல்லோரிடமும், “நான் அவரைப் பாத்ததுகூட இல்லை” என்று கை கூப்புவாள். அடக்கத்தைப் பார் என்று ஊர் இன்னும் அதிகமாக நம்பியது.

எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருஷம் என் கையால் சாப்பிட்டாரே, என் பேரில் யாருக்காவது ஒரு சந்தேகம், ஒரே ஒரு சந்தேகம் வந்ததா? ஒரு நீதிபதியை வளைக்கிற அளவுக்கு என் ரசத்துக்குச் சக்தி இல்லை என்றுதானே இந்தத் தெரு நினைத்திருக்கிறது.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. என் காலத்தில் ஒரு திருவோணத்துக்குப் பாலடை பிரதமன் என்கிற பாயசம் செய்து தனிச் சம்படத்தில் அனுப்பினேன். தொடாமல் திரும்பி வந்தது. பேசின சாப்பாடு மட்டும் போதும் என்று சார் சொன்னாராம். அன்று எனக்கு அழுகையே வந்தது. மறு ஓணம் ஓர்ப்படியின் முறை. வாசல் பெருக்குகிற சாக்கில் ஸ்கூட்டர் திரும்புகிற வரை நான் உள்ளே போகவில்லை. அவளுடைய சம்படமும் மூடி திறக்காமலே வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அன்றைக்கே முடிவு கட்டினேன், மனுஷர் நியாயஸ்தர் என்று.

இந்தக் கதையைக் கறிகாய் சேச்சியிடம் சொன்னேன். முருங்கைக்காயை ஒடித்துக்கொண்டே, “அதொக்கெ அபிநயம் மாமி” என்றாள். எல்லாம் நடிப்பாம்.

உத்தரவு நாள் நெருங்கிற்று. அப்போது செல்போன்களில் ஒரு வீடியோ சுற்றியது. ஓர்ப்படி வீட்டு வாசலில் பியூன் கேரியரை வாங்குகிறார். பின்னால் அவள் பிள்ளை, மத்தியான வெயிலில், பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். கீழே ‘புளிசேரித் தீர்ப்பு’ என்று எழுத்து.

மறுநாள் காலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“நிறுத்தினா, பயந்துட்டா, அப்போ உள்ளே ஏதோ இருக்கும்பா. அனுப்பினா, இன்னமும் அனுப்பறா பாருன்னுவா. அவர் எப்படி எழுதினாலும் என் மோர்க்குழம்பு எழுதினதுன்னு ஆயிடும் மன்னி. அவர் பேர் கெடறது. சாப்பாடு இல்லாம கேன்டீன் பன்னைத் தின்னுண்டு உக்காந்தா அவர் வயிறும் கெடும். பியூன்கிட்டச் சொல்லிட்டேன்...” என்று தொடங்கித்தான், நான் முதலில் எழுதிய அந்தப் பேச்சில் வந்து முடித்தாள்.

சந்தேகப்படமாட்டா என்ற வார்த்தை முள்ளாகக் குத்தியது. ஆனாலும் ஸ்கூட்டர் மறுபடி என் வாசலில் நிற்கப்போகிறது. முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டு, “அதுக்கென்ன, அனுப்பினாப் போச்சு. கீரை மொளகூட்டல் பண்ணியிருக்கேன், அவருக்கு ஆகும்” என்றேன்.

அவள் உள்ளே வந்தாள். அடுப்பைத் திரும்பியும் பாராமல் தாண்டிப் போய், பரணிலிருந்து என் பழைய கேரியரை இறக்கிக் குழாயடியில் அலம்பினாள். முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்த தூக்குகளைத் திறந்து, அடித்தட்டில் சோறும் அதற்கு மேல் பயறுத் தோரனும் வைத்தாள். கடைசித் தட்டில் தன் மோர்க்குழம்பை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றி, கொக்கியைப் போட்டு, என் வாசற்படியில் கொண்டுபோய் வைத்தாள்.